எடைக்குப் போன கட்டாரி

எங்கள் சிங்கவரம் வீட்டுப் பூஜை அறையில் ஒரு பழைய கட்டாரி இருந்தது. இப்போது இல்லை. அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போய், செஞ்சியில் ஒரு காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தவன் நான்தான். அப்போது எனக்கு வயது 14. இன்று 73. இந்தப் பக்கத்தில் எத்தனையோ பழைய கதைகளை எழுதியிருக்கிறேன்; இதை மட்டும் எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். போன வருஷம் ஜெர்மனியில் மூத்த மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பழைய சாமான் கடைக்காரரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எழுதிவிடுவதுதான் சரி என்று பட்டது.

கட்டாரியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரணக் கத்தியைப் போல அதற்கு நீளமான பிடி கிடையாது. இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும்; அவற்றின் நடுவே குறுக்குக் கம்பிகள். கம்பியைக் கையால் பற்றி முஷ்டி பிடித்தால் வாள் நேராக முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். வெட்டுவதற்கான ஆயுதம் இல்லை, குத்துவதற்கானது. அதனால்தான் குத்துவாள் என்றும் சொல்கிறோம்.

எங்கள் வீட்டுக் கட்டாரி ஒன்றும் ராஜா வீட்டுச் சாமான் இல்லை. பூவேலை, யாளி முகம் எதுவும் கிடையாது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிடியையும் வாளையும் இரண்டு பெரிய ஆணிகள் அறைந்து சேர்த்திருந்தார்கள். பிடி ஒரு கை வேலை, வாள் வேறு கை வேலை என்று பார்த்தாலே தெரியும். வாளின் மேல் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் கீறியிருந்தது. நாலு கால், ஒரு வால், நீண்ட மூஞ்சி. குழந்தை வரைந்த நாய் மாதிரி இருக்கும். அதன் இரண்டு கால்களில் மட்டும் மஞ்சளாக ஏதோ இழை ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆயா அதைத் தங்கம் என்பாள். அப்பாவின் அம்மா அவள்.

"அது இன்னா நாய் ஆயா?" என்று கேட்பேன்.

"காவல் நாய்டா. வூட்டைக் காக்குது" என்பாள்.

எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் பழைய இரும்பு எது இருந்தாலும் அது தேசிங்குராஜன் காலத்துச் சாமான் என்றுதான் சொல்வார்கள். சிங்கவரத்துக்காரர்களுக்கு அந்த உரிமை கொஞ்சம் அதிகம். மலையைக் குடைந்து செய்த எங்கள் ரங்கநாதர்தான் தேசிங்கு கும்பிட்ட சாமி என்பது ஊர்க் கதை. 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு சண்டைக்குக் கிளம்பும் முன் தேசிங்கு வந்து உத்தரவு கேட்டானாம். 'போகாதே' என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றும் அந்தத் திரும்பிய முகத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கட்டாரி இருந்தால் அது தேசிங்கின் சிப்பாய் வைத்திருந்ததாகத்தானே இருக்க வேண்டும்? நானும் நம்பினேன்.

வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜைக்கு, கட்டாரியை இறக்குவார்கள். துலக்குவது என் வேலை. செங்கல்லை இடித்துத் தூளாக்கி, புளியைக் கரைத்து, தேங்காய் நாரால் தேய்ப்பேன். பளபளவென்று வந்த பிறகு சந்தனம், குங்குமம் வைத்து, நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்துவோம். அந்தப் பழம் மறுநாள் மாலை வரைக்கும் அப்படியே இருக்கும். நாயின் கால்களில் இருந்த மஞ்சள் இழை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. என் கைவேலையால்தான் அது போகிறது என்று எனக்குத் தெரியாது.

1966ஆம் வருஷம் மழை இல்லை. கிணறு வற்றிவிட்டது. அரிசி கிடைக்காத காலம் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் காலையில் அப்பா வீட்டிலிருந்த பழைய இரும்பையெல்லாம் திண்ணையில் குவித்தார். உடைந்த ஏர்க்கொழு, ஓட்டை வாளி, கிணற்று ராட்டினம். கடைசியில் பூஜை அறைக்குள் போய்க் கட்டாரியையும் எடுத்து வந்து வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "செஞ்சிக்குப் போய்ப் போட்டுட்டு, வர்றப்போ கம்பு வாங்கிக்கினு வா" என்றார்.

கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் ஏற்றினார். கட்டாரியைத் தனியாகக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. ஏழு ரூபாயும் சில்லறையும் கிடைத்தன. கம்பு வாங்கி வந்தேன். அன்று ராத்திரி எல்லாரும் கூழ் குடித்தோம். ஆயாவும் குடித்தாள். ஆனால் இரண்டு நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. என்னோடு பேசினாள், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். வயிற்றுக்கு முன்னால் கட்டாரி பெரிதில்லை. அதை வைத்திருந்து நாங்கள் யாரோடும் சண்டைக்குப் போகப் போவதும் இல்லை. ஆனால் அது என்ன, எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அந்தக் குறை மட்டும் மனதில் தங்கிவிட்டது.

சோலிங்கன்

தபால் இலாகாவில் 36 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாடு போவேன் என்று நினைத்ததில்லை. மகன் டுசல்டார்ஃப் நகரத்தில் வேலை பார்ப்பதால் போக வேண்டி வந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் சோலிங்கன் என்ற ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் ஊர் முடிதிருத்தும் கடை. அந்தக் காலத்தில் ஜெர்மன் சவரக் கத்தி வைத்திருப்பது அவர்களுக்கு ஒரு கௌரவம். கத்தியின் அடியில் ஆங்கில எழுத்தில் சோலிங்கன் என்று பொறித்திருக்கும். கல்லில் தீட்டி, வாரில் இழுத்து, அப்பாவுக்கு மகன், மகனுக்குப் பேரன் என்று பல வருஷம் உழைக்கும்.

பல நூற்றாண்டுகளாகக் கத்தி, வாள் செய்வதுதான் அந்த ஊரின் தொழில். இன்று சமையலறைக் கத்தியும் கத்தரிக்கோலும் செய்கிறார்கள். அங்கே கிராஃப்ராத் என்ற பகுதியில், பழைய கன்னிமாடம் ஒன்றில், கத்திகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். மகன் என்னை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போனான்.

பழைய வாள்கள் இருந்த கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் நான் நின்றுவிட்டேன். வாளின் மேல் பிடிக்குப் பக்கத்தில் அதே நாய். நாலு கால், வால், நீண்ட மூஞ்சி. கீறிய கோட்டில் மஞ்சளாகப் பித்தளை இழை.

"இன்னாப்பா ஆச்சு?" என்று மகன் கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அது நாய் இல்லை, ஓநாய். தெற்கு ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் பாஸ்ஸாவ் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர் வாள் கொல்லர்கள் தங்கள் முத்திரையாக ஓடும் ஓநாயைப் பொறித்தார்கள். அந்த முத்திரைக்கு நல்ல பெயர் வந்ததும் சோலிங்கன்காரர்களும் அதையே போட ஆரம்பித்தார்கள். கோடு கீறி, அதற்குள் பித்தளை இழையை அறைந்து நிரப்புவது வழக்கம். ஆயா தங்கம் என்று நினைத்தது இந்தப் பித்தளையைத்தான்.

அன்று சாயங்காலம் டுசல்டார்ஃபில் ஒரு பழைய சாமான் கடைக்கு மகன் கூட்டிப்போனான். கடைக்காரருக்கு என் வயதிருக்கும். நாங்கள் கத்தியைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு சின்ன உடைவாளைக் கொண்டுவந்து மேஜை மேல் துணி விரித்து வைத்தார். ஜெர்மன் கடற்படை அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட குத்துவாள். வெள்ளைப் பிடி, அதில் முறுக்குக் கம்பி சுற்றியிருந்தது. குறுக்குப் பட்டையின் நடுவே நங்கூரம். மேலே குமிழாக ஒரு கிரீடம். வாளின் மேல் பாய்மரக் கப்பலும் நங்கூரமும் அமிலத்தால் அரித்து வரைந்திருந்தன. அதுவும் சோலிங்கன் வேலைதான்.

மகன் மொழிபெயர்க்க, அவர் பொறுமையாகச் சொன்னார். ஜெர்மன் கடற்படையில் இந்தக் குத்துவாள் 1848இல் வந்தது. கெய்சர் காலத்தில் குமிழ் கிரீடமாக இருந்தது. 1918இல் கெய்சர் போனார். கிரீடமும் போய், எரியும் தீப்பிழம்பு வடிவத்தில் குமிழ் வந்தது. 1938இல் அதையும் மாற்றிக் கழுகும் ஸ்வஸ்திகமும் வைத்தார்கள். சில அதிகாரிகள் பழைய வாளை வைத்துக்கொண்டு குமிழை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். இப்படி ஒரே குத்துவாளில் மூன்று அரசாங்கத்தின் கதையைப் படிக்கலாம். நம் வீட்டு வாசற்படியில் மங்கலமாகப் போடும் ஸ்வஸ்திகத்தை அந்த நாட்டில் நாஜிகள் செய்த கொடுமையின் காரணமாகப் பகிரங்கமாகக் காட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

அந்தக் குத்துவாளோடு ஒரு பழுப்பேறிய துண்டுக் காகிதமும் இருந்தது. யாருடையது, எந்தக் கப்பல், எந்த வருஷம் என்று பேனாவால் எழுதியிருந்தது. கடைக்காரர் காகிதத்தைத் தொட்டுக் காட்டி, "வாளைவிட இது முக்கியம். போலிகள் நிறைய இருக்கின்றன. காகிதம் இல்லாவிட்டால் இது வெறும் இரும்பு" என்றார்.

வெறும் இரும்பு. எனக்கு அந்தத் தராசு கண்முன்னே வந்தது.

ஜெர்மன் கடற்படை என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்துக்கு வந்து, ஏறத்தாழ 130 குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன கப்பல். அந்தப் பயம் ஒரு தமிழ்ச் சொல்லாகவே நின்றுவிட்டது. கெட்டிக்காரனை, எமகாதகனை இன்றும் 'எம்டன்' என்கிறோம். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதைத் தோற்கடித்தது. சிறைப்பட்ட எம்டன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரும் அதிகாரிகளும் தங்கள் வாளைத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அனுமதி கொடுத்தது. தோற்றவனுக்குச் செய்யும் மரியாதை அது. நம் நாட்டில் தோற்றவர்களின் ஆயுதங்களுக்கு என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பரங்கி வாள் வந்த வழி

ஜெர்மன் ஓநாய் சிங்கவரம் வரைக்கும் எப்படி வந்திருக்கும்? ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

நம் நாட்டு உருக்குக்கு உலகமெங்கும் பெயர் இருந்தது. ஐரோப்பியர் இதை 'வூட்ஸ்' என்றார்கள். 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். மின்சாரத்தில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடேகூட இளம் வயதில் இந்த உருக்கை ஆராய்ந்திருக்கிறார். அப்படிப்பட்ட நாடு வெளியூர் வாளை ஏன் வாங்கியது? நீளமான, வளைத்தால் வளைந்து நிமிரும் வாள் ஐரோப்பாவில் மொத்த மொத்தமாகச் செய்யப்பட்டது. 16ஆம் நூற்றாண்டு முதல் போர்த்துக்கீசியர் கப்பல்களில் அவை நம் துறைமுகங்களுக்கு வந்தன. பிறகு மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வாளை மட்டும் வாங்கி, நம் கொல்லர்கள் தங்கள் பிடியைப் போட்டார்கள். வடக்கே இதை 'ஃபிரங்கி' என்றார்கள். நம் பரங்கி என்ற சொல்தான் அது.

நீள வாள் ஒடிந்துபோனால் நம்மவர்கள் தூக்கி எறியவில்லை. ஒடிந்த துண்டைக் கட்டாரிப் பிடியில் ஆணி அடித்துச் சேர்த்தார்கள். நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் தஞ்சாவூரில் இருந்த கட்டாரிகள் பலவற்றில் இப்படி ஐரோப்பிய வாள்தான் இருக்கிறது. பிடி மட்டும் நம்முடையது. கையின் பின்புறத்தை மூடப் பாம்புப் படம் விரித்த மாதிரி ஒரு மறைப்பு, அதில் யாளி, கொடி என்று ஊடுருவ வெட்டிய வேலைப்பாடு. எங்கள் வீட்டுக் கட்டாரியில் அந்த ஆணிகள் இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய முத்திரைக்கு மதிப்பு இருந்ததால் உள்ளூர்க் கொல்லர்களும் அதே முத்திரையைப் பார்த்துப் பொறித்தார்கள். ஆகவே ஓநாய் இருந்தால் மட்டும் ஜெர்மன் வாள் ஆகிவிடாது. இரும்பைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தவர்கள் சொல்ல முடியும். எங்கள் கட்டாரியை இனி யாரும் கையில் வைத்துப் பார்க்க முடியாது.

செஞ்சியில் அப்படி ஒரு வாள் வந்து சேர்வதில் ஆச்சரியம் இல்லை. நாயக்கர்களுக்குப் பிறகு பீஜப்பூர்க்காரர்கள், 1677இல் சிவாஜி, எட்டு வருஷ முற்றுகைக்குப் பிறகு 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான், பிறகு தேசிங்கு, ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். இத்தனை படைகள் மிதித்த மண் இது. ஒவ்வொரு படையும் போகும்போது எதையாவது விட்டுவிட்டுத்தான் போயிருக்கும்.

தஞ்சாவூர் ஆயுதக் கொட்டடி

ஆயுதங்கள் நம் வீடுகளிலிருந்து மறைய ஆரம்பித்ததற்கு ஒரு தேதியே சொல்லலாம். பாளையக்காரர் போர்கள் முடிந்து, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பரில் மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்த அறிக்கை அது. கோட்டைகளும் இடிக்கப்பட்டன. பிறகு 1878இல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது. ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்றானது.

இடையில் நடந்ததுதான் தஞ்சாவூர்க் கதை. 1855இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்துக்களுக்கும் முத்திரை வைத்தார்கள். ராணி காமாட்சி பாய் சாகேப் வழக்குப் போட்டார். மதராஸ் கோர்ட்டில் ஜெயித்தார். ஆனால் 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில், இது ஓர் அரசு செய்த காரியம், இதில் கோர்ட் தலையிட முடியாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

அரண்மனை ஆயுதக் கொட்டடியில் நாயக்கர் காலம் முதல் சேர்ந்த வாள், ஈட்டி, கட்டாரி, அங்குசம் எல்லாம் குவிந்திருந்தன. அவற்றில் நல்லதாகப் பட்டவற்றை மதராஸ் அருங்காட்சியகத்துக்கு எடுத்து அனுப்பினார்கள். மிச்சத்தைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோய், உடைத்து, பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள். இதை எழுதி வைத்தவர் வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர். 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' பத்திரிகையில் தஞ்சாவூர் ஆயுதங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இல்லாவிட்டால் இந்த விஷயமே மறைந்திருக்கும்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் கோபம். எங்கள் அப்பா செய்ததைத்தான் சர்க்காரும் செய்திருக்கிறது. ஆனால் அப்பாவுக்குப் பசி இருந்தது. சர்க்காருக்கு என்ன இருந்தது?

அதே அரண்மனையில் இருந்த சரஸ்வதி மகால் ஓலைச்சுவடிகள் தப்பின. 1918இல் அந்த நூலகம் பொதுமக்களுக்கு என்று ஆனது. ஓலையில் எழுத்து இருந்தது. அதைப் படித்து, இது வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். ஆயுதத்துக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

தப்பிய கட்டாரிகள் சில கடல் தாண்டின. அமெரிக்காவில் ஜார்ஜ் கேமரூன் ஸ்டோன் என்ற உலோகப் பொறியாளர் உலகம் முழுவதிலிருந்தும் ஆயுதங்களைச் சேர்த்து, 1934இல் பெரிய அகராதி ஒன்றே வெளியிட்டார். அடுத்த வருஷம் அவர் இறந்தபோது தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். அதில் தஞ்சாவூர்க் கட்டாரிகளும் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டு, தஞ்சாவூர் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். நம் சாமான் அங்கே போய்விட்டதே என்று வருத்தப்படுவதா, அங்கேயாவது இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா? எனக்கு இரண்டும்தான்.

நம் வீட்டில் இருந்தால்

போன தை மாதம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1851இல் தொடங்கியது. வெண்கலச் சிலைகளைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. ஆயுதங்கள் இருக்கும் பக்கத்தில் நானும் ஒரு பள்ளிக்கூடப் பையனும்தான். தஞ்சாவூர்க் கட்டாரிகள் கறுத்து, அமைதியாக இருந்தன. பளபளப்பு இல்லை. அதுதான் சரி என்பதை இப்போது தெரிந்துகொண்டேன். அந்த அருங்காட்சியகத்தில் 1930லேயே உலோகங்களைப் பாதுகாக்க ஓர் இரசாயனக் கூடம் அமைத்தார்கள். டாக்டர் பரமசிவன் என்ற தமிழர் அதை வளர்த்தார்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் வீட்டில் பரணிலோ, பூஜை அறையிலோ, குலதெய்வக் கோயிலிலோ ஒரு பழைய வாளோ கட்டாரியோ இருக்கலாம். ஜெர்மன் கடைக்காரர் சொன்னதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

துலக்காதீர்கள். செங்கல் தூள், புளி, உப்புத்தாள், சாணைக்கல் எதுவும் வேண்டாம். முத்திரையும் எழுத்தும் இரும்பின் மேல்தோலில்தான் இருக்கின்றன. தோல் போனால் வரலாறு போயிற்று. முலாம் பூசவும் வேண்டாம். அந்த ஜெர்மன் குத்துவாள்களில்கூடத் துலக்கியதால் தங்க முலாம் தேய்ந்துபோனவற்றுக்கு மதிப்பு குறைவாம். எலுமிச்சம்பழம் குத்துவதை நிறுத்துங்கள்; அந்தச் சாறு இரும்பைத் தின்றுவிடும். பூஜைக்கு வைத்தால் சந்தனம், குங்குமத்தைக் கீழே விரித்த துணியிலோ தட்டிலோ வையுங்கள். வெறுங்கையால் வாளைத் தொடாதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. தொட்டுவிட்டால் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள்.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆகப் பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவினால் போதும். தோல் உறை இருந்தால் வாளை அதற்குள் செருகி வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உறையைத் தனியாக, வாளைத் தனியாக, துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டாம். துரு ஆழமாக இருந்தால் நீங்கள் கை வைக்காமல், பக்கத்து அரசு அருங்காட்சியகத்தில் கேளுங்கள். நம் பக்கத்துக்குக் கடலூரிலும் ஒன்று இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட பொருள் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். அதை நாம் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அதை வாங்கி விற்கும் தொழில் செய்ய லைசென்ஸ் வேண்டும். ஆகவே அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு ஞாபகார்த்தமாகக் கொடுத்தனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். நிலத்தைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தது என்றால், 1878ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எழுதி வையுங்கள். யார் வீட்டில் இருந்தது, யார் கொடுத்தது, பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்று. கட்டுக்கதையாக இருந்தாலும் 'இப்படிச் சொன்னார்கள்' என்று எழுதுங்கள். ஒரு போட்டோ எடுத்து அதோடு வையுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றி அங்கே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் பெயர் இருக்கிறது, நாள் கணக்கும் இருக்கிறது. சில வார்த்தைகள்தான். போன வருஷம், அதாவது 2025 ஜூலையில், செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டில் நம்முடையதும் ஒன்று. கோட்டையை இனிப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். அந்தக் கோட்டையிலிருந்து இறங்கி நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்த சின்னச் சாமான்களை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பழைய வீட்டில் கட்டாரி சாத்தியிருந்த சுவரில் ஆயா சாகும் வரைக்கும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். சாமான் இல்லாத இடத்துக்குப் பொட்டு. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

சென்ற ஆயுத பூஜைக்குப் பேத்தி வந்திருந்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கட்டாரியை நினைவிலிருந்து வரைந்து காட்டினேன். அளவு, ஆணிகள், முத்திரை, எந்த வருஷம் எடைக்குப் போனது, யார் கொண்டுபோனது என்று எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதினேன். அவள் அந்த உருவத்தைப் பார்த்து, "இது இன்னா தாத்தா, நாயா?" என்று கேட்டாள்.

"ஓநாய்ம்மா. ஆனா எங்க ஆயா காவல் நாய்னு சொல்வாங்க" என்றேன். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.